மூன்று யோசேப்புகள்

மே முதல் நாளன்று தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவை நம் பங்குகளில் கொண்டாடுகிறோம். பட்டறைகளில் உழைப்போர் தங்கள் கருவிகளைப் பீடத்தருகே கொண்டு வந்து வைக்க, குரு அவற்றின்மீது தீர்த்தம் தெளிக்கிறார். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இவ்விழாவை ஏற்படுத்தியது 1955-ஆம் ஆண்டில். அதே ஆண்டு சனவரித் திங்களில்தான் நம் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சோசலிசப் பாங்கிலான சமுதாயம் அமைப்பதே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானம் செய்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. வழிபாடும் அரசியலும் ஒரே ஆண்டில் உழைப்பாளியை உயர்த்திப் பேசின என்பது நினைக்க இனிமையானது. ஆயினும் விழாத் திருப்பலி முடிந்து ஆலய வாயிலைக் கடக்கும்போது, அங்கே கை நீட்டி நிற்பவரைக் கண்டு 'இவருக்கு வேலை கிடைக்குமா?' என்று நாம் நினைப்பதில்லை. சில்லறை இருக்கிறதா என்று சட்டைப்பையைத்தான் தடவிப் பார்க்கிறோம்.

இந்த வழக்கத்துக்கும், நாம் கதைகளைப் படிக்கும் வழக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்பது நம் துணிபு. அதைக் காட்டுவதற்காக யோசேப்பு என்னும் பெயரைத் தாங்கிய மூவரை இங்கே எண்ணிப் பார்க்கிறோம். ஒருவர் ஜெயகாந்தனின் கதையில் வருபவர். இன்னொருவர் தொடக்கநூலில் வருபவர். மூன்றாமவர், வீரமாமுனிவர் 'வளன்' என்று பெயரிட்டுப் போற்றிய நாசரேத்துத் தச்சர்.

முதலில் ஜெயகாந்தனின் ஜோசப்பைப் பார்ப்போம். 'யாருக்காக அழுதான்?' என்ற குறுநாவலை நம் வாசகர்களில் பலர் படித்திருப்பர். 1966-இல் ஜெயகாந்தனே அதை இயக்கித் திரைப்படமாக்கினார். ஜோசப்பாக நாகேஷ் நடித்தார். ஒரு விடுதியில் எடுபிடி வேலை செய்யும் ஏழை அவன். சொந்தபந்தம் என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. 'திருட்டுமுழி ஜோசப்' என்பது ஊரார் அவனுக்கு வைத்த பெயர். தங்க வந்த ஒருவரின் பணம் காணாமற்போகிறது. பழி அவன்மேல் விழுகிறது. அடி வாங்குகிறான். தன் பக்க நியாயத்தைச் சொல்லவும் அவனுக்கு நா எழவில்லை. பிறகு அவன் குற்றமற்றவன் என்பது தெரிய வருகிறது. அடிபட்டபோது வராத அழுகை அப்போது வருகிறது. அவன் யாருக்காக அழுதான் என்ற வினாவோடு ஆசிரியர் நம்மை விட்டுச் செல்கிறார்.

இக்கதையின் ஆற்றலை யாரும் மறுக்க முடியாது. வீடும் உறவும் இல்லாத ஒருவன்மீது சந்தேகம் எவ்வளவு எளிதாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய கதைகள் தமிழில் சிலவே. அவன் முழியில் திருட்டு இல்லை, பார்ப்பவர் கண்ணில்தான் இருக்கிறது என்று உணரும்போது நாம் தலைகுனிகிறோம். கிறிஸ்தவ வாசகனோ, பழி சுமந்தும் வாய் திறவாத வேறொருவரை அங்கே நினைத்துக்கொள்கிறான். ஆசிரியரும் அதை எதிர்பார்த்தே அப்பெயரை வைத்திருக்கலாம்.

ஆனால் அழுதவன் மறுநாள் காலையில் எங்கே போனான்? அதே விடுதியில் வேலையைத் தொடர்ந்தானா? அவனுக்குச் சம்பளம் என்று ஒன்று இருந்ததா, அல்லது சோறும் படுக்க இடமும் மட்டும்தானா? இருந்தால் அது யார் கையில் இருந்தது? கதை இவற்றைச் சொல்வதில்லை. அதைக் குறையென்று நாம் கூற வரவில்லை. கதை வேலைவாய்ப்பு அலுவலகம் அன்று. அழ வேண்டிய இடத்தில் அழவைத்ததே ஆசிரியர் நமக்குச் செய்த நன்மை. குறை நம்மிடம் இருக்கிறது. கண்ணீர் வந்தவுடன் நம் கடன் தீர்ந்தது என்று நூலை மூடிவிடுகிறோம். இத்தனை ஆண்டுகளில் அந்த மறுநாளைப் பற்றி நாம் கேட்கவே இல்லை.

தமிழ்ப் புனைகதை முழுவதையுமே இப்படிப் பார்க்கலாம். புதுமைப்பித்தனின் 'மகாமசானம்' சென்னை வீதியோரத்தில், ஓயாத நடமாட்டத்துக்கு நடுவே, ஒரு பிச்சைக்காரர் உயிர் விடுவதைக் காட்டியது. ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' நகரத்தின் அடித்தட்டில் உழல்பவனின் ஒரு நாளைச் சொல்லிற்று. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' (2003) உடற்குறை உள்ளோரைப் பிச்சைக்காக வாங்கி விற்கும் கொடுமையைத் திறந்து காட்டியது. மனிதன் எப்படி விழுகிறான் என்பதை நம் எழுத்தாளர்கள் அஞ்சாமல் எழுதியிருக்கிறார்கள். விழுந்தவன் எழுவதோ ஏட்டில் அரிதாகவே ஏறியிருக்கிறது. முதல் மாதச் சம்பளம், வாடகைக்குக் கிடைத்த ஓர் அறை, தன் பெயர் அச்சிட்ட வங்கிப் புத்தகம் ஆகியவை கதைக்கு உரியவை அல்ல என்று எண்ணிவிட்டோம் போலும். நம் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ்களின் கதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றில் ஏழை டிசம்பர் 24 இரவில் தோன்றுகிறார், ஒரு போர்வையைப் பெற்றுக்கொள்கிறார், மறைந்துவிடுகிறார். சனவரியில் அவர் எங்கே என்று எந்தக் கதையும் தேடிப் போனதில்லை.

கதையை விட்டு நம் சுற்றுப்புறத்துக்கு வருவோம். சென்னை நகரம் தன்னால் வைத்துக்கொள்ள இயலாதவர்களை நெடுங்காலமாக மேற்கு நோக்கி அனுப்பி வந்திருக்கிறது. 1945-ஆம் ஆண்டின் இரத்தல் தடுப்புச் சட்டப்படி பிடிபட்டோரை வைப்பதற்கான அரசுக் காப்பகம் பூந்தமல்லியை அடுத்த மேல்பாக்கத்தில் அமைந்தது. 1983-இல் தொடங்கிய உதவும் கரங்கள் அமைப்பு திருவேற்காட்டில் ஆதரவற்றோருக்கு இல்லம் அமைத்தது. மனநோயுற்றுத் தெருவில் திரிந்த பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் தொடங்கிய பான்யன் அமைப்பின் 'அடைக்கலம்' முகப்பேரில் எழுந்தது. இவற்றுக்கு அருகிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளும் பொட்டலமிடும் கூடங்களும் இருக்கின்றன. 'ஆட்கள் தேவை' என்ற அட்டை அவற்றில் பலவற்றின் வாயிலில் தொங்குகிறது. ஆளைத் தேடும் வேலையும், வேலையைத் தேடும் ஆளும் ஒரே பேருந்துத் தடத்தில் இருந்தும் சந்திப்பதில்லை.

காரணம் சோம்பல் என்று சொல்வோர் உண்டு. உண்மை வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர். பெருநகரங்களில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ஆணையிட்டது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்கென ஒரு திட்டத்தையும் வகுத்தது. இவற்றின் பயனாகப் பலருக்குத் தலைக்குமேல் கூரை கிடைத்தது. ஆனால் கூரையிலிருந்து கூலிக்குச் செல்லும் வழியில் பல படிகள் உள்ளன. ஒப்பந்ததாரர் ஆதார் அட்டை கேட்கிறார். அதில் முகவரி வேண்டும். தெரிந்தவர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும். வேலை கிடைத்தாலும் முதற்சம்பளம் வர முப்பது நாள் ஆகும். அதுவரை பேருந்துக் கட்டணமும் மதியச் சோறும் எங்கிருந்து வரும்? சம்பளம் வந்தபின் ஓர் அறை எடுக்கலாம் என்றால், வீட்டுக்காரர் பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார். இவற்றில் ஒரு படி இல்லாவிட்டாலும் மனிதன் மீண்டும் நடைபாதைக்கே வந்து சேர்கிறான். அப்போது 'கொடுத்தாலும் நிலைக்கவில்லை' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

இங்கேதான் இரண்டாம் யோசேப்பின் வரலாறு நமக்குக் கைகொடுக்கிறது. தொடக்கநூலின் அவ்வதிகாரங்களைக் கனவுகளின் கதையாகவும் மன்னிப்பின் கதையாகவும் கேட்டுப் பழகிவிட்டோம். வீடிழந்து வேற்று நாட்டில் தவித்த ஓர் இளைஞனுக்கு வேலை கிடைத்த கதையாகவும் அதைப் படிக்கலாம். உடன்பிறந்தோர் இருபது வெள்ளிக்காசுக்கு விற்றுவிட்டனர். போத்திபாரின் வீட்டில் நம்பிக்கைக்குரிய பணியாளாக உயர்ந்த வேளையில் பொய்ப்பழி வந்தது. சிறை சென்றார். ஜெயகாந்தனின் ஜோசப்பைப் போலவே செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். சிறையில் மது பரிமாறுவோர் தலைவனுக்குக் கனவின் பொருள் சொன்னபோது, நீர் நலமடைந்தபின் என்னைப் பற்றிப் பார்வோனிடம் எடுத்துச் சொல்லும் என்று வேண்டினார். அவர் கேட்டது பணமன்று, பரிந்துரை. விடுதலையான அம்மனிதனோ மறந்துபோனான். ஈராண்டுகள் கழிந்தன.

மறையுரைகளில் இந்த ஈராண்டுகளை இறைவனின் சோதனைக் காலம் என்று விளக்குவதைக் கேட்டிருக்கிறோம். அவ்விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் அதில் ஒரு மனிதனின் மறதியும் இருக்கிறது. ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் காரியத்துக்கு, சொல்லக் கூடியவன் வாய் திறக்கவில்லை. தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் 'இவரை எனக்குத் தெரியும், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லத் தவறும் நாம் அனைவரும் அந்த மது பரிமாறுவோர் தலைவனின் வழிவந்தவர்களே.

பார்வோன் அவரை அழைத்தபின் நடந்ததையும் கருத்தாய்ப் பார்க்க வேண்டும். அவன் யோசேப்பின் துன்பத்துக்காகக் கண்ணீர் விடவில்லை. புத்தாடை அணிவித்தான். முத்திரை மோதிரத்தைக் கையில் இட்டான். புதுப் பெயர் கொடுத்தான். நாட்டின் களஞ்சியங்களை அவர் பொறுப்பில் விட்டான். இன்றைய வழக்கில் சொன்னால் சீருடை, கையொப்ப உரிமை, அடையாளச் சான்று, பணி ஆகிய நான்கும் ஒரே நாளில் கிடைத்தன. களவுப் பழியல்ல எனினும் ஒரு பழியோடு சிறையிலிருந்து வந்தவரிடம் தானியக் கிடங்கின் சாவியையே ஒப்படைத்த துணிவு வியப்புக்குரியது. அவ்வரலாற்றிலும் யோசேப்பு அழுகிறார். ஒருமுறையன்று, பலமுறை அழுகிறார். அவற்றுள் ஒருமுறை அழுவது தன் வீட்டில், தன் அறைக்குள் சென்று. அழுது முடித்து முகம் கழுவி வந்து விருந்தினருக்கு உணவு பரிமாறச் சொல்கிறார். தனக்கென்று ஓர் அறை இருந்ததால்தான் அந்த அழுகைக்கும் ஒரு மதிப்பு இருந்தது.

இனி நம் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பிறர் எழுத்தைக் குறை காண்பவர் தம் கணக்கையும் காட்டுவதே முறை. சில ஆண்டுகளுக்கு முன் நம் அன்பியத்தைச் சேர்ந்த சிலர் கூடி, இரயில் நிலையத்தருகே வாழ்ந்து பின் இரவுத் தங்குமிடத்துக்கு வந்திருந்த ஒருவருக்கு வேலை தேடித் தந்தோம். பொட்டலமிடும் வேலை. நேரம் தவறாமல் சென்று வந்தார். அவருக்கு வங்கிக் கணக்கு இல்லாததால் சம்பளம் நம் கைக்கு வந்தது. முழுவதையும் கொடுத்தால் குடித்துவிடுவார் என்று நமக்குள் பேசிக்கொண்டோம். அவர் குடித்து நாம் கண்டதில்லை. ஓர் உறையில் அவர் பெயரை எழுதிப் பணத்தை அதில் வைத்து, நாள்தோறும் செலவுக்குச் சிறு தொகை கொடுத்து வந்தோம். இரண்டாம் மாத முடிவில் ஒரு நாள், 'ஐயா, என் பணத்தை மொத்தமாகக் கொடுங்கள்' என்றார். 'எதற்கு?' என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேலைக்கும் வரவில்லை, தங்குமிடத்திலும் இல்லை.

எதற்காகக் கேட்டார் என்பது நமக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை என்பதைக் காலம் கடந்தே உணர்ந்தோம். அது அவர் கூலி. ஜோசப்பின் முழியில் திருட்டைக் கண்ட ஊராருக்கும், அவர் பெயரெழுதிய உறையைப் பூட்டி வைத்த நமக்கும் என்ன வேற்றுமை? அவர்கள் அடித்தார்கள், நாம் அன்போடு செய்தோம் என்பதுதான். அவ்வுறை இன்னும் பெட்டியில் இருக்கிறது. அக்கதையைப் படித்து அழுதவர்களும் நம்மிடையே இருந்தார்கள்.

அதன்பின் சிலவற்றைக் கற்றுக்கொண்டோம். வீட்டு முகவரி இல்லாதவருக்கும் தங்குமிடப் பொறுப்பாளரின் சான்றைக் கொண்டு ஆதார் பெற வழி இருக்கிறது. இருப்புத் தொகை இல்லாமல் வங்கிக் கணக்குத் தொடங்கும் ஜன்தன் திட்டம் 2014-இல் வந்தது. வேலைக்கு ஆள் சேர்ப்பவரிடம் பழைய கதையை விரித்துரைக்காமல், 'எமக்குத் தெரிந்தவர்' என்று மட்டும் சொன்னால் போதும். சம்பளப் பட்டியலில் பெயர் ஏறி, ஈ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதி இரண்டும் பிடிக்கப்படுகின்றனவா என்று கேட்பது, பத்துப் போர்வை கொடுப்பதைவிடப் பெரிய உதவி. முதல் மாதத்துக்கு மதிய உணவும் பயணச் செலவும் கடனாகக் கொடுக்கலாம். கடன் என்று சொல்லியே கொடுக்க வேண்டும். திருப்பித் தரும் உரிமையும் மனிதனுக்கு மாண்பைத் தருகிறது. இவ்வளவு செய்தும் ஒருவர் ஒருமுறை தவறினால், மறுமுறையும் கதவைத் திறக்க வேண்டும். நம் பிள்ளைகள் முதல் வேலையை விட்டுவிட்டு வந்தபோது நாம் அவர்களைத் தெருவுக்கு அனுப்பவில்லையே.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். வேலையே மனிதனின் அளவுகோல் என்றால், உழைக்க இயலாத முதியோரும் நோயுற்றோரும் என்ன ஆவர்? நியாயமான கேள்வி. பான்யன் அமைப்பு 2015-இல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில், நெடுநாள் காப்பகத்தில் இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஊருக்குள் சாதாரண வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். சிலர் வேலைக்குப் போகிறார்கள், சிலரால் இயலாது. வீடு இரு சாராருக்கும் உண்டு. திராட்சைத் தோட்ட உவமையும் இதையே கற்பிக்கிறது. மாலைவரை சந்தையில் நின்றவர்களைத் தோட்டக்காரர் சோம்பேறிகள் என்று ஏசவில்லை. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார். எங்களை யாரும் அழைக்கவில்லை என்ற விடையை நம்பினார். வேலை கொடுத்தார். செய்தது ஒரு மணி நேரமாயினும் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உணவுக்கு வேண்டிய தெனாரியத்தைக் குறைக்காமல் கொடுத்தார். அதை வைத்து என்ன செய்வாய் என்று அவர் கேட்டதாக மத்தேயு எழுதவில்லை. ஏழைகளுக்குப் பண உதவி செய்வது நெருக்கடிக்குரிய தற்காலிக ஏற்பாடே, உழைப்பின் வழியாக மாண்புள்ள வாழ்வு கிடைக்கச் செய்வதே நோக்கமாக வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதியதும் இதே மனத்தோடுதான்.

இப்போது மூன்றாம் யோசேப்பு. வீரமாமுனிவர் 1726-இல் நிறைவு செய்த தேம்பாவணி, 3,615 பாடல்களில் வளனைக் காப்பியத் தலைவனாக்கியது. அரசரையும் வீரரையும் தலைவராகக் கொண்டு பழகிய தமிழ்க் காப்பிய மரபில், ஒரு கைத்தொழிலாளியை அந்த இருக்கையில் அமர்த்தியது சிறு செயலன்று. எகிப்துக்கு ஓடிச்சென்ற பயணத்தையும் முனிவர் விரிவாகவே பாடியிருக்கிறார். அப்பகுதியில் நாம் பெரும்பாலும் வானதூதர்களையும் அற்புதங்களையும் கண்டு மகிழ்கிறோம்.

நம் மனம் வேறொருவரிடம் செல்கிறது. ஏரோதுக்கு அஞ்சி இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு சென்ற தச்சர், எகிப்தில் எதை உண்டு வாழ்ந்தார்? கோவிலில் காணிக்கையாக இரு புறாக்களைக் கொடுத்த ஏழைக் குடும்பம் அது. ஞானிகள் தந்த பொன் எத்தனை நாளுக்கு வரும்? நற்செய்தியாளர் இதைப் பற்றி எழுதவில்லை. ஆயினும் அங்கே யாரோ ஒருவர் அவருக்கு வேலை கொடுத்திருக்க வேண்டும். மொழி தெரியாத, முகவரி இல்லாத, பரிந்துரைக்க ஆளில்லாத ஓர் அந்நியனிடம் உடைந்த ஏர் ஒன்றையோ கதவு ஒன்றையோ காட்டி, 'இதைச் சரிசெய், கூலி தருகிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னபடி மாலையில் கூலியை அவர் கையிலேயே கொடுத்திருக்க வேண்டும். அந்த எகிப்தியர் யார் என்று தெரியாது. அவர் பெயரில் ஆலயம் இல்லை, விழா இல்லை. ஆனால் அன்று அவர் கொடுத்த கூலியில்தான் உலக மீட்பர் உண்டு வளர்ந்தார்.

நம் இதழ்களில் எழுதும் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. போர்வைக் கதைகள் போதும். அந்த எகிப்தியரைப் பற்றி எழுதுங்கள். ஜோசப் அழுது முடித்த மறுநாள் காலையை எழுதுங்கள். பட்டறையும் கடையும் வைத்திருக்கும் வாசகர்களிடம் வேண்டுவதும் ஒன்றே. வரும் மே முதல் நாளில் கருவிகளை மந்திரிக்கக் கொண்டு வரும்போது, அக்கருவிகளைப் பிடிக்கக் காத்திருக்கும் கை ஒன்றையும் உடன் அழைத்து வாருங்கள்.

அந்த உறையின் உரியவர் எங்கேனும் கண்ணில் பட்டால், ஒரு கேள்வியும் கேட்காமல் அதை அவர் கையில் கொடுக்கவே நாம் காத்திருக்கிறோம்.